சொந்தக்காரருக்குச் சலுகை கிடையாது

என் அண்ணனுக்கு எந்த மூலையில் எது சும்மா கிடைத்தாலும் மூக்கில் வேர்த்துவிடும். சாப்பிடப் போன இடத்தில் கை துடைக்க வைத்திருக்கும் காகிதத்தை ஒரு கட்டாக எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் ஆள் அவர். அப்படிப்பட்டவர் கண்ணில் ஒரு நாள் காலை அந்த அறிவிப்பு பட்டுவிட்டது. நீண்ட காலம் வேலையில்லாமல் இருக்கும் ஒருவரை வேலைக்கு எடுத்தால், அவருக்குக் கொடுக்கும் முதல் பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பதை முதலாளி தன் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடி ஏறி என் மேஜைக்கு வந்தார்.

“பாப்பா, கவர்மென்ட் நமக்குச் சம்பளம் குடுக்குதாம்!”

எனக்கு முப்பத்தாறு வயது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

“நமக்கு இல்லைண்ணா. நாம வேலைக்கு வெச்ச ஆளுக்குக் குடுக்கற சம்பளத்துல கொஞ்சத்தை வரியில கழிச்சுக்கலாம். அவ்வளவுதான்.”

“ரெண்டும் ஒண்ணுதான். ஒரு ஆளைப் பிடி. ரொம்ப நாளா வெட்டியா இருக்கறவனா பாரு.”

ஓட்டல்களின் பெட்ஷீட், துண்டு, மேஜை விரிப்பு எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவை நிலையம் எங்களுடையது. எங்களுடையது என்பது ஒரு பேச்சுக்கு. முதலாளி அண்ணன். வாசல் பக்கத்துக் கவுன்டரில் அண்ணி. மாடியில், கீழே நடப்பதெல்லாம் தெரிகிற மாதிரி கண்ணாடி போட்ட அறையில், கணக்கோடு நான். கண்ணாடி எந்நேரமும் ஆவி பிடித்துக் கிடக்கும்; கையால் துடைத்தால்தான் கீழே மனிதர்கள் தெரிவார்கள். கணக்கு, சம்பளப் பட்டியல், வரி, ஓட்டல் மேனேஜர்களோடு சண்டை எல்லாம் என் வேலை. இதற்கெல்லாம் எனக்கு என்ன சம்பளம் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

விதிமுறைகளை அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு மாதம் என்பது ஆள் சேர்ந்த நாளிலிருந்து. நடுவில் காரணமில்லாமல் அனுப்பினால் சலுகை மொத்தமும் போச்சு. கடைசியாக, முதலாளியின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குச் சலுகை கிடையாது. அண்ணன் கால்குலேட்டரில் நாற்பது சதவீதம் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வேலை கேட்டு வந்தவர் நல்ல உயரம். எங்கள் அறைக் கதவு நிலையில் குனிந்துதான் நுழைந்தார். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி மூடிப் போனதிலிருந்து வேலையில்லை.

“எவ்வளவு நாளா சும்மா இருக்கே?” என்றார் அண்ணன்.

“ரெண்டு வருஷம் ஆகப்போகுதுங்க.” அவர் தலை குனிந்தது.

“சபாஷ்!” என்று மேஜையைத் தட்டினார் அண்ணன். வேலையில்லாமல் இருந்ததற்கு ஒருவர் பாராட்டு வாங்கி அன்றுதான் பார்த்தேன். “நடுவுல எங்கேயும் சின்னச் சின்ன வேலைகூடப் பார்க்கலையே? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவர் திருதிருவென்று விழித்தார். நான் ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றே வேலை கிடைத்தது. அன்றே ‘நெட்டை’ என்ற பெயரும் கிடைத்தது. அப்போது வரி வருஷத்தில் சரிபாதி ஓடியிருந்தது.

தேய்க்கும் ரோலர் மெஷினிலிருந்து பெரிய பெட்ஷீட் சுடச்சுட வெளியே வரும். அதை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். பிறகு விலக வேண்டும். மறுபடி நடக்க வேண்டும். மடிப்பு அக்கா என்று ஒருத்தி அந்த வேலையில் இருந்தாள். அவள் மகளுக்குப் பிரசவம் என்று லீவில் போனதும் அண்ணன் வேறு ஆள் தேடவில்லை. என்னைக் கீழே அனுப்பினார். சம்பளமில்லாத கை எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கு எழுதிய கைக்குச் சூடு ஆகாது. முதல் நாளே இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது.

“மேடம், சூடான மூலையை நான் பிடிக்கறேன். நீங்க ஆறின பக்கமா வாங்க” என்றார் நெட்டை. ரோலரில் ஆறின பக்கம் என்று ஒன்று கிடையாது. அவர் துணியை வாங்கி இரண்டு உதறு உதறிவிட்டு மூலையை என்னிடம் நீட்டுவார். அதுதான் ஆறின பக்கம்.

மாதக் கடைசியில் சம்பளக் கவர் கொடுப்பது என் வேலை. எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். நெட்டை தன் கவரைப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“உங்க கவர் எங்கேங்க?”

“எனக்கெதுக்கு கவர்? நான் வீட்டு ஆளு.”

“வீட்டு ஆளுக்குப் பசிக்காதா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. மாடிக்கு வந்து வரவு செலவில் ஒரு கூட்டலை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். மறுநாள் மடிப்பு அக்கா வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் பேரன் நன்றாக இருக்கட்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

வரி வருஷம் முடியச் சில வாரம் இருக்கும்போது அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“பாப்பா, வருஷம் முடியப் போகுது. சலுகையை வாங்கியாச்சு. முடிஞ்ச மறுநாளே நெட்டையை அனுப்பிடலாம்.”

குரலைக் கணக்குக் குரலாகவே வைத்துக்கொண்டேன்.

“அண்ணா, அவர் சேர்ந்து பாதி வருஷம்தான் ஆச்சு. சலுகை பன்னிரண்டு மாசச் சம்பளத்துக்கு. இந்த வரி வருஷத்துல குடுத்த சம்பளத்துக்கு உண்டானதை இந்த வருஷக் கணக்குல கழிக்கணும். மீதி மாசத்துக்கு உண்டானதை அடுத்த வருஷக் கணக்குல.”

“அப்போ ரெண்டு வருஷமும் கிடைக்குமா? டபுளா?”

“டபுள் இல்லை. ஒரே சலுகையை ரெண்டா வெட்டி ரெண்டு வருஷத்துல வாங்கறோம். அதுக்கு அவர் பன்னிரண்டு மாசமும் இங்கே இருக்கணும். இப்போ அனுப்பினா இந்தப் பாதியும் கிடையாது.”

“அப்படின்னா அவனைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கணும்டி” என்றார் அண்ணன். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே மாட்டிக்கொண்டோம். கறை போகாத மேஜை விரிப்பு ஒன்றுக்காக ஆட்களைத் திட்ட அண்ணன் கீழே வந்தார். நாங்கள் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தோம். மூலைகள் சேர்ந்தன. சேர்ந்த கைகள் விலகவில்லை.

“தலையணை அளவுக்கு மடிஞ்சு போச்சு. இன்னும் என்னடா மடிக்கறீங்க?” என்று அண்ணன் போட்ட சத்தத்தில் ரோலர் ஓட்டுபவர் மெஷினையே நிறுத்திவிட்டார்.

மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இன்னைக்கே கணக்கு முடிச்சு அவனை அனுப்பு!”

“அனுப்பலாம்ணா. சலுகை போயிடும்.”

கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நடந்தார்.

“சரி, தொலையட்டும். கல்யாணமே பண்ணிக்கோங்க. வீட்டோட மாப்பிள்ளையா இருக்கட்டும். சலுகையும் வந்த மாதிரி இருக்கும், உன் கல்யாணமும் முடிஞ்ச மாதிரி இருக்கும்.”

“கல்யாணம் ஆனா அவர் சொந்தக்காரர் ஆயிடுவார். அன்னைலேருந்து குடுக்கற சம்பளத்துக்குச் சலுகை கிடையாது.”

இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். கணக்கு எழுதுகிறவளுக்கு நாக்கு சும்மா இருக்காது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அனுப்பவும் முடியாமல் சேர்க்கவும் முடியாமல் ஒரு மனிதர் தவிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பாகவும் இருந்தது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பன்னிரண்டு மாசம் முடியட்டும் பாப்பா. நானே முன்னாடி நின்னு ஜாம்ஜாம்னு நடத்தி வெக்கறேன். அதுவரைக்கும் அவன் கீழே, நீ மேலே.”

நான் நம்பினேன். மறுநாள் சாயந்திரம் வரைக்கும் நம்பினேன். அண்ணி பில் புத்தகம் கேட்கிற சாக்கில் மேலே வந்து கதவைச் சாத்தினாள்.

“உங்க அண்ணன் என்ன சொல்றார் தெரியுமா? பன்னிரண்டு மாசம் முடிஞ்ச அன்னைக்கு நெட்டைக்கும் டாட்டாவாம், கல்யாணத்துக்கும் டாட்டாவாம். நீ போயிட்டா கணக்கை யார் பார்க்கறதுன்னு என்கிட்டயே கேக்கறார்.”

அதைக் கேட்டதும் அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. எனக்கு வந்த வரன்களை எல்லாம் ‘இது சரியில்லை, அது சரியில்லை’ என்று அண்ணன் தட்டிக் கழித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எந்த வரனிலும் குறை இருந்திருக்காது. மாடி அறையில் ஆள் குறைந்துவிடும் என்பதுதான் குறை.

“அண்ணி, சாட்சிக் கையெழுத்து போடுவீங்களா?”

“பேனா என்கிட்டயே இருக்கு” என்றாள் அண்ணி.

மற்றவர்கள் கல்யாணத்துக்கு நல்ல நாள் பார்ப்பார்கள். நான் வரி வருஷம் பார்த்தேன். பழைய வருஷம் முடியும்வரை காத்திருந்து, புது வருஷத்தின் முதல் நாளில் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். ஏன் அந்த நாள் என்று நெட்டை கேட்டார்.

“பழைய வருஷக் கட்டத்துல நீங்க வேலையாள். புது வருஷக் கட்டத்துல என் வீட்டுக்காரர். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது.”

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியா, கணக்கு முடிக்கறியா?” என்றார். ‘ங்க’ போட மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

அண்ணி ஒரு சாட்சி, பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த மடிப்பு அக்கா இன்னொரு சாட்சி. டீ குடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம். அன்றைக்குத் துண்டு லோடு அதிகம்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைத்தான் சொல்ல வேண்டும். போன வருஷக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்தேன். அந்தச் சம்பளத்தைக் கொடுத்தபோது நெட்டை எங்களுக்கு யாரோ ஒருவர்தான். சலுகையில் ஒரு பைசா தப்பில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டு, குறைந்த வரியைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். மீதிப் பாதியும் வந்தாக வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எங்களைக் காவல் காத்தார். நான் மாடிப்படி இறங்கினால் கூடவே இறங்குவார். நான் பேங்குக்குப் போவதை மட்டும் தடுக்க முடியவில்லை. பேங்க் இருக்கும் தெருவில்தான் நெட்டையின் அறையும் இருந்தது. பேங்குக்கும் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நெட்டை கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனுக்கு வேறு பயம். அவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. உட்கார முதுகு வைத்த நாற்காலி வந்தது. ஒரு நாள் இருமினார் என்று அண்ணன் தன் காரிலேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் போதாதென்று ஒரு மத்தியானம் கால்குலேட்டரோடு வந்து நின்றார்.

“சம்பளத்துல நாற்பது சதவீதம் நமக்குத்தானே பாப்பா? அப்போ சம்பளத்தை ஏத்தினா நாற்பதும் ஏறும்! இது ஏன் உனக்குத் தோணவே இல்லை?”

நூறு கொடுத்து நாற்பது வாங்குவதை லாபம் என்று நினைக்க என் அண்ணனால் மட்டும்தான் முடியும். அந்த நாற்பதும் வராது என்பது எனக்கும் அண்ணிக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, கட்டளை போட்டார். கூட்டிக் கொடுக்கச் சொன்னது என் வீட்டுக்காரருக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. பன்னிரண்டு மாதம் முடிகிற நாளில் நெட்டைக்கு வேலை போகும். இன்னொரு தடவை இரண்டு வருஷம் அவர் தலை குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. வெளியே போனால் எனக்கும் கையில் ஒன்றும் இல்லை. அண்ணனோடு பேச்சுவார்த்தையும் போய்விடும். அது போனால் தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. எங்களுக்கு வேறு யாரும் கிடையாது.

அந்த நாள் வந்தது. காலையில் முதல் வேலையாக அண்ணன் மாடிக்கு வந்தார். சட்டைப் பையில் நீளமான கவர் ஒன்று எட்டிப் பார்த்தது. உள்ளே வேலை நீக்கக் கடிதம்; அது யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை.

“பன்னிரண்டு மாசம் முடிஞ்சுது. புது வருஷக் கட்டத்துல நெட்டைக்கு எவ்வளவு கழியும்? சொல்லு, கேக்க நல்லா இருக்கும்.”

“சைபர்.”

“விளையாடாதே.”

“சைபர்தான்ணா. அவர் சொந்தக்காரர்.”

“யாருக்கு?”

“உங்களுக்கு. உங்க தங்கச்சி வீட்டுக்காரர். இந்த வரி வருஷத்தோட முதல் நாள்லேருந்து.”

அண்ணன் என்னைப் பார்த்தார். ஆவி பிடித்த கண்ணாடியைக் கையால் துடைத்துக் கீழே பார்த்தார். அங்கே நெட்டை முதுகு வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சாட்சி யாரு?”

“அண்ணி.”

“என் பொண்டாட்டியா?”

“எனக்கு வேற அண்ணி இல்லையே.”

“அப்போ நான் ஏத்திக் குடுத்த சம்பளம்?”

“ரொம்ப சந்தோஷம்ணா. புதுசா ஒரு கட்டில் வாங்கினோம்.”

அவர் கத்துவார் என்று மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, பாப்பா.”

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?”

என் அண்ணனிடம் ஆயிரம் குறை இருக்கலாம், நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல மட்டும் வராது. யோசித்தார்.

“இன்னைக்குக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. கவரை எடுத்து மேஜையில் போட்டார்.

“இதை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கிளம்புங்க. உன்னையும் சேர்த்துத்தான் வேலையை விட்டு அனுப்பறேன்.”

“என்னை அனுப்ப முடியாதுண்ணா. வேலையில இருக்கறவங்களைத்தான் அனுப்ப முடியும். நான் எந்தப் பட்டியல்லயும் இல்லை.”

“அப்போ கணக்குக்கு வேற ஆள் போட்டுக்கறேன். அதே சலுகையில. ரெண்டு வருஷமா வெட்டியா இருக்கற ஆளா பார்த்து.”

“தாராளமா போடுங்க. ஆனா மாசா மாசம் சம்பளம் குடுக்கணும். குடுத்தாதான் அதுல நாற்பது கழியும்.”

“மீதி அறுபது?”

“உங்க கையிலேருந்து.”

“முதல் வருஷம் முடிஞ்சதும்?”

“நூறும் உங்க கையிலேருந்துதான்.”

அண்ணன் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கணக்கு எழுதுபவருக்கு மாதம் என்ன கொடுப்பார்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பன்னிரண்டால் பெருக்கினார். பிறகு நான் இந்த மேஜைக்கு வந்து எத்தனை வருஷம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதாலும் பெருக்கினார். வந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காது மடல் சிவந்து போயிற்று. என் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

கவரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கிழித்ததையும் வீணாக்க மனமில்லாமல் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“சம்பளப் பட்டியலை எடு” என்றார். “நெட்டைக்குக் கீழே உன்னைப் போடு.”

“எனக்குக் குடுக்கறதுல எந்தச் சலுகையும் கிடைக்காதுண்ணா. நான் சொந்தக்காரி.”

“தெரியும்டி. எழுது.”

“எவ்வளவுன்னு எழுத?”

அண்ணன் வாயைத் திறந்தார், எண் வரவில்லை. ஊரார் சம்பளத்தை எல்லாம் பைசா சுத்தமாகப் போடுகிற எனக்கும் வரவில்லை. பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

அறை வாசலில் நின்றிருந்த அண்ணி ஒரு தொகையைச் சொன்னாள். எப்போது மேலே வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தொகையைக் கேட்டதும் அண்ணனுக்குப் புரையேறியது. நான் அதையே எழுதினேன்.

“அதுக்குக் கீழே இன்னொரு வரி போடு” என்றாள் அண்ணி. “கவுன்டர்ல நிக்கறதுக்கு எனக்கு. அதே தொகை.”